வாங்கிய பொருளின் சாவி யாரிடம்? திறந்த மூலம், கருவிகள், டிஜிட்டல் பொழுதுபோக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன் என்பதால் நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. உரிமம், அப்டேட், கேம் சர்வர் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். கொஞ்சம் தோண்டினால் எல்லாமே ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன: பொருள் நம் கைக்கு வந்த பிறகும் அதை நிறுத்தவோ மாற்றவோ கூடிய சாவி யாரிடம் இருக்கிறது? என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், மறைக்கப் போவதில்லை.

"கட்டற்ற மென்பொருள்", "திறந்த மூலம்" இரண்டும் ஒன்றா?

பெரும்பாலும் ஒரே மென்பொருளைத்தான் இரண்டு பெயரும் குறிக்கின்றன. சொல்ல வரும் சேதி வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்தபோது அவருக்கு முக்கியம் பயனரின் சுதந்திரம்: மென்பொருளை இயக்க, பிரித்துப் படிக்க, மாற்ற, பிறருக்குக் கொடுக்க உரிமை வேண்டும் என்றார். 1998இல் "ஓப்பன் சோர்ஸ்" என்ற பெயரைக் கொண்டுவந்தவர்கள் அதே உரிமைகளை வியாபார நிறுவனங்கள் மிரளாத மொழியில் சொன்னார்கள்.

குழப்பம் வருவது வேறு இடத்தில். மூல நிரலைப் பார்க்க முடிகிறது என்பதாலேயே ஒன்று திறந்த மூலம் ஆகிவிடாது. எடுத்துப் பயன்படுத்தவும், மாற்றவும், அதை வைத்துத் தொழில் செய்யவும் உரிமம் இடம்கொடுக்க வேண்டும். நிரலைக் காட்டிவிட்டு, "இந்த இந்தத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது" என்று நிபந்தனை போட்டால் அதற்குப் பெயர் வேறு. அடுத்த கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

இலவசமாகத் தந்த மென்பொருளைப் பிறகு திரும்பப் பிடுங்க முடியுமா?

ஏற்கெனவே வெளிவந்த பதிப்பைப் பிடுங்க முடியாது. அடுத்த பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிட முடியும். கடந்த சில வருடங்களில் இதுதான் வரிசையாக நடந்தது.

2018 அக்டோபரில் மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம் தனக்கென ஓர் உரிமத்தை எழுதிக்கொண்டது. எஸ்எஸ்பிஎல் என்று பெயர். இந்த மென்பொருளை யாராவது கிளவுட் சேவையாக விற்றால், அந்தச் சேவையை நடத்தப் பயன்படும் மற்ற நிரல்களையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்பது சாரம். 2021இல், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் கருவியை எழுதும் எலாஸ்டிக் அதே வழியில் போனது. 2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்ம் என்ற தன் கிளவுட் நிர்வாகக் கருவியை, போட்டிச் சேவை நடத்துவதைத் தடுக்கும் பிசினஸ் சோர்ஸ் உரிமத்துக்கு மாற்றியது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம். எல்லோரும் சொன்ன காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: நாங்கள் சம்பளம் கொடுத்து எழுதுகிறோம், பெரிய கிளவுட் நிறுவனங்கள் அதை அப்படியே எடுத்துக் கடை விரித்துச் சம்பாதிக்கின்றன.

இதை அவர்களால் எப்படிச் செய்ய முடிந்தது? வெளியாட்கள் நிரல் அனுப்பும்போதே அதை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தையும் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுக்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தம் ஒரு வழி. ரெடிஸ் போல மிகத் தளர்வான உரிமத்தில் இருந்தால் அந்த ஒப்பந்தம்கூடத் தேவையில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலில் இரண்டும் இல்லை. ஆயிரக்கணக்கானோர் எழுதியிருக்கிறார்கள், அவரவர் எழுதியதற்கு அவரவர் உரிமையாளர், உரிமமும் ஜிபிஎல், அதாவது மாற்றிக் கொடுப்பவரும் அதே உரிமத்திலேயே கொடுக்க வேண்டும். எல்லோரையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்காமல் உரிமத்தை மாற்ற வழியில்லை. அந்தச் சிக்கல்தான் அதற்குக் காவல். ஒரு திட்டத்தை நம்பலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது நிரலின் தரத்தைக்கூட இல்லை. பதிப்புரிமை யார் பெயரில் குவிந்திருக்கிறது, உரிமம் எவ்வளவு இளகியது என்பதைத்தான்.

உரிமத்தை மாற்றிவிட்டால், பழைய பதிப்பின் நிரலை எடுத்துத் தனியாக வளர்த்து, கிளை பிரித்துக்கொள்ளலாமே?

பிரித்தார்கள். டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபூ, எலாஸ்டிக்சர்ச்சிலிருந்து ஓப்பன்சர்ச், ரெடிஸிலிருந்து வால்கீ. மூன்றும் இப்போது லினக்ஸ் ஃபவுண்டேஷன் குடையின் கீழ் இருக்கின்றன.

ஆனால் யார் பிரித்தார்கள் என்று பாருங்கள். ஓப்பன்சர்ச்சைத் தொடங்கியது அமேசான். வால்கீயின் பின்னால் அமேசான், கூகுள், ஆரக்கிள். "கொள்ளையடிக்கிறார்கள்" என்று யாரைக் குற்றம் சாட்டினார்களோ அவர்களேதான் ஆள்போட்டுக் கிளையை வளர்த்தார்கள். ஒரு தனி ஆளோ சின்னக் கூட்டமோ இதைச் செய்ய நினைத்தால் உரிமம் தடுக்காது, உழைப்பு தடுக்கும். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க வேண்டும், ஆவணம் எழுத வேண்டும், கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் வருடக்கணக்கில்.

எலாஸ்டிக் 2024 ஆகஸ்டிலும் ரெடிஸ் 2025 மே மாதத்திலும் மாற்றிய நிரலை இணையச் சேவையாக நடத்தினாலும் அந்த நிரலைத் திறக்கச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தை ஒரு தேர்வாகச் சேர்த்து, "மீண்டும் திறந்த மூலம்" என்று திரும்பி வந்தன. கிளை பிரியும் என்ற பயத்துக்கு ஏதோ வலு இருக்கிறது என்றுதான் இதைப் படிக்கிறேன். போன நம்பிக்கை திரும்பி வந்ததா என்பது வேறு விஷயம்.

சரி, நியாயம் யார் பக்கம்?

சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்து விற்கலாம் என்று எழுதிக்கொடுத்து, அதைக் காட்டியே கூட்டம் சேர்த்து, வெளியாட்களின் இலவச உழைப்பையும் வாங்கிவிட்டு, பிறகு எடுத்து விற்றவனைத் திருடன் என்பது சரியாகப் படவில்லை. மோங்கோடிபி முன்பு ஏஜிபிஎல்லில்தான் இருந்தது; மற்றவர்களும் தொடக்கத்திலேயே அதைப் போட்டிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. போட்டிருந்தால் அவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்பதும் உண்மைதான். அந்தக் கணக்கு அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது.

யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதுவதை நம்பி இவ்வளவு பெரிய கட்டமைப்பா?

ஆமாம், அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் கோபத்தில் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். எழுத்துத்தொடரின் இடது பக்கம் இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அதை நம்பியிருந்த எண்ணற்ற திட்டங்கள் உடைந்து நின்றன.

அது கோபம். எக்ஸ்இசட் விவகாரம் திட்டமிட்ட சூழ்ச்சி, இன்னும் நினைத்தால் வயிற்றைப் பிசையும். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். கிட்டத்தட்ட ஒரே ஆள் சம்பளமில்லாமல் பல வருடங்களாகப் பராமரித்துவந்தார். "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடங்களுக்கு மேல் பொறுமையாக நல்ல நல்ல திருத்தங்களை அனுப்பினார். இடையில் வேறு சில பெயர்களில் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று பராமரிப்பாளரை நெருக்கும் மின்னஞ்சல்களும் வந்தன. மன அழுத்தத்தில் இருப்பதாகவும், இது சம்பளமில்லாத வேலை என்றும் அவர் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஜியா டான் கைக்குப் பொறுப்பு போனது. 2024 தொடக்கத்தில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில், வெளியாள் ரகசியமாக நுழைய ஒரு பின்வாசல் இருந்தது.

கண்டுபிடித்தது ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், மைக்ரோசாஃப்டில் போஸ்ட்கிரஸ் தரவுத்தள வேலை செய்பவர். தொலைவிலிருந்து கணினிக்குள் போகப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டினார். 2024 மார்ச் 29 அன்று விஷயத்தை வெளியில் சொன்னார். டெபியன், ரெட் ஹேட் ஆகிய லினக்ஸ் வகைகளின் நிலையான பதிப்புகளுக்குள் அது நுழைவதற்கு முன்பே பிடிபட்டது.

இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரியும். "பார்த்தீர்களா, திறந்திருந்ததால் பிடிபட்டது" என்பது ஒன்று. "திறந்திருந்ததால்தான் நுழைந்தான்" என்பது மற்றது. பின்வாசலைத் திறக்கும் முக்கியத் துணுக்கு எல்லோரும் பார்க்கும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தது. மீதி, சோதனைக் கோப்புகள் என்ற போர்வையில் கிடந்தது. அதனால் "எல்லோரும் பார்க்கிறார்கள்" என்ற ஆறுதலை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. யாரும் பார்க்காத மூலையில்தான் ஒளித்துவைத்தான். பிடித்த மனிதருக்கு அரை விநாடி உறுத்தியது, உறுத்தியபோது திறந்து பார்க்க நிரல் கையில் இருந்தது. பராமரிப்பவருக்குச் சம்பளம் கொடுக்கும் கேள்வி மட்டும் அன்று இருந்த இடத்திலேயே கிடக்கிறது.

அப்படியானால் மூடிய மென்பொருள் பாதுகாப்பானதா?

2024 ஜூலை 19 அன்று க்ரௌட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு பழுதான அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன. விமானங்கள் ரத்தாயின, மருத்துவமனைகள் தடுமாறின. அது மூடிய மென்பொருள், பெரிய நிறுவனம், எல்லோருக்கும் நல்ல சம்பளம். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஏஐ மாடல்களை "ஓப்பன்" என்கிறார்களே, அது உண்மையா?

பாதி உண்மை, சிலவற்றில் கால்வாசி. பயிற்சி முடிந்த மாடலின் எண்களை, அதாவது வெயிட்களை, இறக்கிக்கொள்ள விடுகிறார்கள். நம் கணினியிலேயே இயக்கலாம், இணையம் தேவையில்லை. அது சின்ன விஷயமில்லை. ஆனால் எந்தத் தரவைக் கொண்டு பயிற்றுவித்தார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. சமைத்ததைத் தருகிறார்கள், செய்முறை மட்டும் கேட்காதே என்கிறார்கள்.

உரிமத்திலும் வேறுபாடு உண்டு. டீப்சீக் ஆர்1 என்ற மாடல் 2025 ஜனவரியில் எம்ஐடி உரிமத்தில் வந்தது. கிட்டத்தட்ட எதற்கும் பயன்படுத்தலாம். மெட்டாவின் லாமா மாடலுக்கான உரிமத்தில், மாதம் 70 கோடிப் பேருக்கு மேல் பயனர்கள் உள்ள நிறுவனம் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. நமக்கெல்லாம் அது பொருந்தாதுதான். ஆனால் ஆளைப் பார்த்து அனுமதி தரும் உரிமம் திறந்த மூலத்தின் வரையறைக்குள் வராது.

திறந்த மூல வரையறையைப் பராமரிக்கும் அமைப்பான ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் 2024 அக்டோபரில் திறந்த மூல ஏஐக்கு ஒரு வரையறை வெளியிட்டது. பயிற்சித் தரவையே கொடுக்க வேண்டியதில்லை, தரவைப் பற்றிய விரிவான விவரம் போதும் என்றது. இதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. மருத்துவப் பதிவுகளைப் போன்ற தரவை வெளியிடவே முடியாது என்பது ஒரு தரப்பு. தரவு இல்லாமல் மாடலை மறுபடி உருவாக்க முடியாது, பிறகென்ன திறந்த மூலம் என்பது மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பு. முடியாது என்றால் "திறந்த வெயிட்" என்று பெயர் வைத்துக்கொள்ளட்டும். ஆலன் இன்ஸ்டிடியூட் என்ற ஏஐ ஆய்வு நிறுவனத்தின் ஓல்மோ போலத் தரவையும் சேர்த்தே வெளியிடும் மாடல்கள் இருக்கின்றன, ஆக இது நடக்காத காரியமும் இல்லை.

க்ரோம் பிரவுசருக்கு அடித்தளமான க்ரோமியம் திறந்த மூலம்தானே? பிறகு ஏன் என் விளம்பரத் தடுப்பு நீட்சி வேலை செய்யவில்லை?

நிரல் திறந்திருக்கிறது, முடிவெடுக்கும் அறை திறந்திருக்கவில்லை. நீட்சிகளுக்கான புதிய விதித்தொகுப்பான மேனிஃபெஸ்ட் வி3இல், பக்கம் ஏற்றப்படும்போது ஒவ்வொரு கோரிக்கையையும் நேரடியாகப் பார்த்துத் தடுக்கும் வசதியை கூகுள் எடுத்துவிட்டது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி அந்த வசதியை நம்பியே எழுதப்பட்டது. 2025இல் க்ரோமில் அதன் முழுப் பதிப்பு செயலிழந்தது. "லைட்" பதிப்புதான் மிச்சம். ஃபயர்ஃபாக்ஸில் பழைய வசதி இன்னும் இருக்கிறது, முழுப் பதிப்பும் ஓடுகிறது. பாதுகாப்புக்காகச் செய்தோம் என்று கூகுள் சொல்லும் காரணத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. தீய நீட்சிகளும் அதே வசதியைத்தான் பயன்படுத்தின. ஆனால் விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பின் பல்லைப் பிடுங்கும்போது சந்தேகப்படுவதைத் தவிர்க்க முடியவில்லை.

விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்றுவிட்டது. கணினியை மாற்ற வேண்டுமா, லினக்ஸுக்குப் போகலாமா?

2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான ஆதரவு முடிந்தது. தனிப் பயனர்களுக்கு ஒரு வருடப் பாதுகாப்பு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. அதனால்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள்கூடத் தகுதியிழந்தன.

லினக்ஸ் உங்களுக்குச் சரிப்படுமா என்பது நீங்கள் எதைத் திறந்துவைத்து வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரவுசர், அஞ்சல், கடிதம், படம் பார்ப்பது என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அடோபி மென்பொருள்கள், சில கணக்கு மென்பொருள்கள், அலுவலகம் கட்டாயப்படுத்தும் ஏதாவது ஒன்று என்றால் அவசரப்படாதீர்கள். பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர், லேப்டாப்பை மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த மூன்றையும் முதல் நாளே சோதித்துவிடுங்கள். தகராறு வந்தால் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் வரும்.

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏபிகே, அதாவது செயலியின் நிறுவுகோப்பு, நிறுவுவது தடைபடப் போகிறதா?

முழுத் தடை என்று சொல்ல முடியாது, ஆனால் கதவு குறுகுகிறது. கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்த திட்டப்படி, சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் செயலி எந்தக் கடையிலிருந்து வந்தாலும், அதை எழுதியவர் தன் அடையாளத்தை கூகுளிடம் பதிவுசெய்திருக்க வேண்டும். பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளுக்கு 2026 செப்டம்பர் என்று முதல் கெடு அறிவித்தார்கள்.

மோசடிச் செயலிகளால் ஜனங்கள் பணத்தை இழப்பது நிஜம். அதைச் சும்மா சாக்கு என்று தள்ள மாட்டேன். ஆனால் எஃப்-டிராய்டு போன்ற திறந்த மூலச் செயலிக் களஞ்சியம், பிறர் எழுதிய நிரலைத் தானே தொகுத்துத் தருகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஆசிரியர்களும் அதில் உண்டு, அவர்களிடம் அடையாள அட்டை கேட்க அந்தத் திட்டத்தால் முடியாது. தங்கள் களஞ்சியத்தையே இது முடித்துவிடும் என்று எஃப்-டிராய்டு வெளிப்படையாக எதிர்த்தது. எதிர்ப்புக்குப் பிறகு, ஆபத்தை அறிந்தவர்கள் எச்சரிக்கைகளைத் தாண்டி நிறுவிக்கொள்ள ஒரு வழி வைப்போம் என்று நவம்பரில் கூகுள் இறங்கிவந்தது. அந்த வழியில் எத்தனை படிகள், எத்தனை முறை "நிச்சயமாகவா?" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கருவி நன்றாகவே இருக்கிறது. நிறுவனம் சர்வரை மூடினால்?

செங்கல்தான். நானே ஒரு வைஃபை கேமரா வாங்கி மாட்டி, மூன்றாம் வருடம் "சேவை நிறைவுறுகிறது, உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல் பெற்றேன். லென்ஸ் நல்லது, சென்சார் நல்லது, மின்சாரமும் வருகிறது. உள்நுழைய மட்டும் ஆள் இல்லை. கேமராவுக்கும் போனுக்கும் நடுவே இருப்பது என் வீட்டு வைஃபைதான். ஆனால் படம் எங்கோ இருக்கும் சர்வரைச் சுற்றித்தான் வரும் என்று வடிவமைத்திருந்தார்கள். இப்போது அது அலமாரியில் சும்மா என்னைப் பார்க்கிறது.

ரெவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை, அதை வாங்கிய நெஸ்ட் 2016 மே மாதத்தில் நிறுத்தியது. சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஏஐ கருவியாக 699 டாலருக்கு விற்ற ஹியூமேன் ஏஐ பின் 2025 பிப்ரவரி 28 அன்று அணைந்தது, வாங்கியவர்கள் கைக்கு முதலில் போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

நல்ல முறையில் மூடியவர்களும் உண்டு. இணையம் வழியாக கேம் ஆடவிடும் ஸ்டேடியா சேவையை கூகுள் 2023 ஜனவரி 18 அன்று நிறுத்தியபோது தன் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கன்ட்ரோலரைச் சாதாரண ப்ளூடூத் கன்ட்ரோலராக மாற்றவும் ஒரு வழி தந்தது. பெபிள் கைக்கடிகாரத்தின் கதை இன்னும் நல்லது. நிறுவனம் 2016இல் மூடியது. ரெபிள் என்ற பயனர் குழு சேவைகளைத் தானே நடத்தியது. கைமாறித் தன்னிடம் வந்திருந்த பெபிள் இயங்குதளத்தின் நிரலை 2025 ஜனவரியில் கூகுள் திறந்துவிட்டது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: ரௌட்டரில் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டால் இந்தக் கருவி எதைச் செய்யும்?

பழுதுபார்க்கும் உரிமை என்று பேசுகிறார்களே, ஏதாவது மாறியிருக்கிறதா?

ஐரோப்பாவில் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே புதிதாகச் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருடம் இயங்குதள அப்டேட் தர வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள் 7 வருடம் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரி 18 முதல், பயனரே கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி என்ற விதியும் வருகிறது. நீண்ட நாள் உழைக்கும், தண்ணீர் புகாத போன்களுக்குச் சலுகை உண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலம், ஒரு பாகத்தை அந்த ஒரு கருவிக்கு மட்டுமே மென்பொருளால் பூட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. ஸ்குரூ டிரைவரால் தீராத பூட்டு அது, ஆகவே எனக்குப் பிடித்த விதியும் அதுதான்.

"வாங்கு" பட்டனை அழுத்தினால் அந்தப் படமோ புத்தகமோ எனக்குச் சொந்தமா?

பெரும்பாலும் இல்லை. திரும்பப் பெறக்கூடிய ஓர் அனுமதிச் சீட்டுதான் கிடைக்கிறது. 2009 ஜூலையில் அமேசான், விற்ற புத்தகங்களையே வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தூரத்திலிருந்தபடி அழித்தது. விற்றவரிடம் உரிமை இல்லை என்பது காரணம். பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். அழிந்தவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் "1984", பழைய ஆவணங்களை அரசே அழித்துத் திருத்தும் நாவல். கதை எழுதினால்கூட இப்படி எழுத வெட்கப்படுவோம். மைக்ரோசாஃப்ட் 2019இல் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்களும் மறைந்தன, அங்கேயும் பணம் திரும்பியது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷன் பயனர்கள் வாங்கிய டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது.

கலிஃபோர்னியா ஒரு சட்டம் போட்டது, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. கொடுப்பது உரிமம் மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போட்டு விற்கக் கூடாது. ஸ்டீம் என்ற கேம் கடை அதற்கு முன்பே, 2024 அக்டோபரில், பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. நேர்மை கூடியிருக்கிறது, உரிமை கூடவில்லை.

கைக்கு வந்த அச்சுப் புத்தகத்தைப் படித்துவிட்டு இன்னொருவருக்கு விற்கலாம். மின்புத்தகத்தை? ஐரோப்பிய நீதிமன்றம் 2012இல் யூஸ்டுசாஃப்ட் வழக்கில், காலவரம்பின்றி வாங்கிய மென்பொருளை இறக்கிக்கொண்டவர் அதை மறுவிற்பனை செய்யலாம் என்றது. 2019இல் டாம் கபினெட் வழக்கில், மின்புத்தகத்துக்கு அது செல்லாது என்றது. அமெரிக்காவில், ஒருவர் வாங்கிய டிஜிட்டல் பாட்டை இன்னொருவருக்கு மறுவிற்பனை செய்த ரீடிஜி என்ற கடையும் வழக்கில் தோற்றது. மறுவிற்பனைக்காக மாற்றும்போது புதிய பிரதி உருவாகிறதே என்பது வாதம். சட்டப்படி சரியாக இருக்கலாம். பழைய புத்தகக் கடை என்ற ஒன்றே டிஜிட்டலில் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

டிஆர்எம் என்ற பிரதியெடுப்புப் பூட்டு இல்லாவிட்டால் எல்லோரும் திருட மாட்டார்களா?

திருடுகிறவர்கள் இப்போதும் திருடுகிறார்கள். புதுக் கேமுக்கு முதல் சில வாரம் பூட்டு தாங்கினால் வருமானத்துக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்டனை அனுபவிப்பது காசு கொடுத்தவர்கள். லினக்ஸ் பிரவுசரில் படம் பார்த்தால் பல சேவைகள் தெளிவு குறைந்த படத்தைத்தான் அனுப்பும். வன்பொருள் மட்டத்தில் பூட்டு இல்லாத இடத்துக்கு உயர்தரப் படம் தருவதில்லை என்பது அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு. திருட்டுப் பிரதி பார்ப்பவருக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஜிஓஜி என்ற கேம் கடை பூட்டில்லாத கேம்களை நிறுவுகோப்போடு வருடக்கணக்காக விற்றுவருகிறது, கடை இன்னும் திறந்துதான் இருக்கிறது.

"கேம்களைக் கொல்லாதீர்கள்" இயக்கம் என்ன கேட்கிறது? எல்லா சர்வரையும் காலத்துக்கும் ஓட்டச் சொல்கிறார்களா?

இல்லை. எதிர்ப்பவர்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்கிறார்கள், அது தவறு.

யூபிசாஃப்ட் 2014இல் விற்ற "தி க்ரூ" என்ற கார் பந்தய கேம் தனியாக ஆடினாலும் சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். தட்டு வாங்கியவருக்கும் கேம் போனது. பிறகு பலர் கணக்கிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் உடனே இயக்கத்தைத் தொடங்கினார். ஐரோப்பியக் குடிமக்கள் முன்மொழிவு ஒன்று பதிவானது. அதற்குத் தேவை 10 லட்சம் கையெழுத்து. ஒரு கட்டத்தில் படுத்தேவிட்டது என்று நினைத்தார்கள், கடைசி மாதத்தில், 2025 ஜூலையில், எல்லையைத் தாண்டியது.

கோரிக்கை சின்னது. ஆதரவை நிறுத்தும்போது கேமை ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள். இணையமில்லாத முறையைச் சேர்க்கலாம், அல்லது பயனர்கள் தாங்களே சர்வர் நடத்த விடலாம்.

தொழில்துறையின் பதிலில் வலுவான வாதம் ஒன்று உண்டு. சர்வர் பக்க நிரலில் பிற நிறுவனங்களிடம் உரிமம் வாங்கிய பகுதிகள் இருக்கும், அவற்றை அப்படியே வெளியில் கொடுக்க முடியாது. ஏற்கெனவே விற்ற கேம்களுக்கு இது நியாயமான சிக்கல். இனிமேல் வடிவமைக்கும் கேமுக்கு அப்படிச் சொல்ல முடியாது; முடிவு தெரிந்தே தொடங்கினால் அதற்கேற்ற உரிமத்தை வாங்கலாம். தனியார் சர்வரில் தீய உள்ளடக்கம் வரும், எங்கள் பெயர் கெடும் என்ற வாதத்தை நான் பொருட்படுத்தவில்லை. பயனர்களே சர்வர் நடத்திய காலம் ஒன்று இருந்தது, யாரும் செத்துப்போகவில்லை. யூபிசாஃப்ட்டே 2024 செப்டம்பரில், அடுத்த இரண்டு "க்ரூ" கேம்களுக்கும் இணையமில்லாத முறை வரும் என்று அறிவித்தது. அப்படியென்றால் செய்ய முடிகிறது.

அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. அவை பெரும்பாலும் சர்வர் தேவைப்படாத காலத்துக் கேம்கள். சர்வரோடு கட்டிப்போட்டவற்றின் கதி என்னவாகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தட்டாகவோ கார்ட்ரிஜாகவோ வாங்கினால் தப்பிக்கலாமா?

முன்பு முடிந்தது. இப்போது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். 2025இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் "கேம் கீ கார்டு" என்று ஒரு வகை உண்டு; அட்டைக்குள் கேம் இருக்காது, இறக்கிக்கொள்ள அனுமதி மட்டும் இருக்கும். மறுவிற்பனை செய்யலாம் என்பது ஆறுதல். இறக்கும் சர்வர் இருக்கும் வரை.

லினக்ஸில் எல்லா கேமும் ஓடுமா?

ஸ்டீமை நடத்தும் வால்வ், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டானை 2018இலும், லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியை 2022இலும் கொண்டுவந்த பிறகு பெரும்பாலானவை ஓடுகின்றன. முட்டுக்கட்டை, கெர்னல் மட்டத்தில் உட்காரும் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள். வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது. ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் 2024 அக்டோபர் கடைசியில், லினக்ஸ் வழியாக ஏமாற்றுவோர் வருகிறார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தியது. ஏமாற்றுவோர் தொல்லையை அனுபவித்தவன் என்பதால் ஒரேயடியாகத் திட்ட மனம் வரவில்லை. ஆனாலும் ஒரு விளையாட்டுக்காக என் கணினியின் ஆழத்தில் வேறொருவரை உட்காரவைக்க நான் தயாரில்லை. அதனால் அந்த கேம்களை ஆடுவதில்லை, அவ்வளவுதான்.

இதெல்லாம் சரி, சாதாரண ஆள் நான் என்ன செய்வது?

எல்லாவற்றையும் மாற்ற முயன்றால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். போனில் இருக்கும் படங்களை ஒரு வெளிவட்டில் இறக்கி வையுங்கள், முதலில் அது. கடவுச்சொற்களை வெளியே எடுத்துக்கொண்டு போகக்கூடிய நிர்வாகியில் வையுங்கள். பிட்வார்டனும் கீபாஸும் அதற்கு இடம்கொடுக்கும். ஆவணங்களை ஓடிஎஃப், பிடிஎஃப் போல வேறு மென்பொருளும் திறக்கும் வடிவத்தில் ஒரு பிரதி வைத்திருங்கள். பூட்டில்லாமல் கிடைக்கும் பாட்டையும் கேமையும் வாங்கிய அன்றே நிறுவுகோப்போடு இறக்கிவிடுங்கள், "பிறகு பார்க்கலாம்" வேண்டாம். நாள்தோறும் பயன்படுத்தும் திறந்த மூலக் கருவி ஏதாவது ஒன்றுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு தொகை அனுப்புங்கள். பணம் முடியாவிட்டால், பிழை ஒன்றைக் கண்டால் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது, திரையில் என்ன தெரிந்தது என்று நிதானமாக எழுதிப் போடுங்கள். "வேலை செய்யவில்லை, சீக்கிரம் சரிசெய்யவும்" என்று மட்டும் எழுதாதீர்கள். பராமரிப்பவர் அதை இரவு பதினொரு மணிக்கு, தன் வேலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் திறப்பார்.